ரெண்டு பெல் மாமாவும் ஒரு தேன்கூடும்

பிறர் இரண்டு தடவை சொல்லாமல் எந்தக் காரியத்தையும் தொடங்காத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் தங்கச் சுரங்க ஊரான மைசூர் மைன்ஸில் எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறார். இரண்டாவது தடவைக்காகக் காத்திருக்கும்போது கால் மட்டும் துள்ளிக்கொண்டே இருக்கும்.

சுரங்கம் ஓடிய காலத்தில், ஆட்களைச் சுரங்கத்துக்குள் ஏற்றி இறக்கும் கூண்டான கேஜுக்கு மணி அடித்தவர். கீழேயிருந்து வரும் மணியை மேலே திருப்பி அடித்தால்தான் ஆளேற்றிய கேஜ் நகரும். சுரங்கத்தை மூடினார்கள்; பழக்கத்தை மூட முடியவில்லை. சுரங்கம் ஓடிய நாளிலேயே, கல்யாணத்தன்று பாஸ்டர் "சம்மதமா?" என்று கேட்டபோது வாயே திறக்கவில்லையாம். மணப்பெண் அழத் தொடங்க, மாமனார் எழுந்து நிற்க, பாஸ்டர் மறுபடி கேட்ட பிறகுதான் "சம்மதம்" வந்தது. 'ரெண்டு பெல்' என்ற பெயரும் அன்றைக்கு வந்ததுதான்.

போன மாதம் அவரைத் தேனீ கொட்டியது. உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். ரத்தப் பரிசோதனையில் தேனீ அலர்ஜி. எப்போதும் கையோடு வைத்திருக்கச் சொல்லி டாக்டர் அவசர ஊசி கொடுத்தார். மாமா அதைப் பீரோவில் பூட்டிவிட்டார். டாக்டர் ஒரு தடவைதான் சொன்னாராம்.

ஞாயிற்றுக்கிழமை ஏணியோடு கிளம்பினார், கூரை ஓரத்துத் தேன்கூட்டைக் கலைக்க. தபால்காரர் இரண்டு தடவை புகார் சொல்லிவிட்டாராம்.

"மாமா, இன்னா இது? செத்துடுவீங்க!"

"ஒரு தடவைதானே மூச்சு இழுத்திச்சு? இன்னொரு தடவை இழுக்கட்டும், பாக்கலாம். முன்னாடியெல்லாம் எவ்ளோ கொட்டிச்சு, ஒண்ணும் ஆவல பாப்பா."

நான் தினமும் ரயிலில் போய்ப் பெங்களூரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். எதையும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு நிம்மதி.

"அந்தப் பழைய கொட்டுலதான் நோயைத் தடுக்கிற அணுங்க உள்ள வேலையை ஆரம்பிச்சுது. ஒண்ணு, காவல் செல் விஷத்தைப் புடிச்சு டி செல்லுக்குக் காட்டும். ரெண்டு, அதே விஷத்தைப் புடிச்ச பி செல், டி செல்லைத் தேடி வரும். மூணு, டி செல் அதைத் தொட்டு ஒரு சிக்னல் குடுக்கும். ஒரு ரசாயனத்தை விட்டு இன்னொரு சிக்னல். ரெண்டும் வந்தாத்தான் பி செல் அலர்ஜி ஆன்டிபாடி செய்யும்."

துள்ளிய கால் நின்றது. "ரெண்டு பெல்லா! உள்ள இருக்கிறது நம்ம ஆளுங்கதானா?"

"ஆமா மாமா."

"தேனீ விஷத்துக்குப் போயி ரெண்டு பெல் அடிப்பானா? அவனை சஸ்பெண்ட் பண்ணு!"

"இனிமே பண்ணி பிரயோஜனம் இல்ல. அந்த ஆன்டிபாடி எல்லாம், தடிப்பையும் மூச்சு இழுப்பையும் கெளப்புற மாஸ்ட் செல்லுங்க மேல ஏறி உக்காந்திருக்கு. அடுத்த கொட்டுக்கு பெல்லே கெடையாது. கேஜ் அப்படியே விழும்."

மாமா முகம் மாறியது. ஆனாலும் ஏணியில் கால் வைத்தார். "கூடு வாசலாண்டயே கீது. வர்றவங்கள கொட்டினா?" மூன்றாவது படி ஏறும்போது காதருகே ஒரு தேனீ ரீங்காரமிட்டது.

"நில்லுங்க மாமா!"

மறுபடி சொல்ல நான் வாய் திறப்பதற்குள் கீழே நின்றார்.

"ஒரே தடவைதானே சொன்னேன்?"

"ஒரு பெல்லுன்னா ஸ்டாப்பு. அதுக்கு மட்டும் மறு பெல் கெடையாது."

கூட்டை வேறு ஆள் வந்து எடுத்தார். ஊசி சட்டைப் பைக்கு வந்துவிட்டது. தினமும் காலை ரயிலில் ஏறியதும் போன் செய்கிறேன்.

"ஊசி பையில இருக்கா மாமா?"

பதில் வராது.

"ஊசி பையில இருக்கா மாமா?"

"கீது, கீது. வேலையைப் பாரு."

நடுவில் வரும் அந்த மௌனம் மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை.