பூச்சிய ரீச்சர்

பத்திலிருந்து பின்னோக்கி எண்ணாமல் ஒரு தும்மல்கூடப் போடாத மனுஷி இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் பூச்சிய ரீச்சர்.

உருத்திரபுரத்துப் பக்கம் ஒரு குடியேற்றப் பள்ளிக்கூடத்தில் எனக்கு முதல் நியமனம். பக்கத்து வகுப்பு ரீச்சருடையது. மனிதன் விண்வெளிக்குப் போன செய்தியை வானொலியில் கேட்ட நாளிலிருந்து அவருக்கு இந்த வியாதி. குடை விரிக்க எண்ணுவார். தேத்தண்ணி குடிக்க எண்ணுவார். வவுனியா பஸ்ஸில் ஏறினால் "தம்பி, பொறுங்கோ" என்று எண்ணத் தொடங்குவார். பூச்சியம் வந்த பிறகுதான் கொண்டக்டர் மணியடிப்பார்.

ஒருநாள் ஒரு பெடியனைச் சில்லுப் பூட்டிய உருளும் பலகையில் இருத்தி, பூசணிக்காயைப் பின்னால் எறியச் சொன்னார். காய் பின்னால் போக, பெடியன் முன்னால் பறந்து பள்ளிக்கூட அதிபரின் மேசைக்குக் கீழே தரையிறங்கினான்.

"பாத்தியளே! இதுதான் ரொக்கெற்!"

"அது சரி ரீச்சர், பூசணிக்காய் எங்கை இறங்கினது?" என்றார் அதிபர்.

என் முதுகில்.

கதிர் முற்றும் காலத்தில் ரீச்சரின் மாணவி செல்வராணி வகுப்புக்கு வரவில்லை. ரீச்சர் போய்க் கேட்டதற்கு அவளது தகப்பன் கந்தையா அண்ணை கையை விரித்தார்.

"பெட்டை படிக்க வந்தா கிளியை ஆர் கலைக்கிறது? இனி அவள் வரமாட்டாள்."

மறுநாள் ரீச்சர் முழு வகுப்பையும் அவரது வயலுக்கே கூட்டிப்போனார். காவல் கொட்டிலிலிருந்து எதிர் மரத்துக்கு நூல் கட்டி, அதில் பப்பாசி இலைத் தண்டுக் குழலைக் கோர்த்து, ஊதிய பலூனைக் குழலோடு கட்டினார். "பூச்சியம்!" என்று கையை விட்டதும் பலூன் கீச்சிட்டுக்கொண்டு வயலைக் கடந்தது. கிளிக்கூட்டம் பச்சைப் புகைபோல எழுந்து ஓடியது.

"இன்னொருக்கா விடுங்கோ ரீச்சர்!" என்றார் கந்தையா அண்ணை.

"இனி நீங்கள்தான் விடோணும் அண்ணை. செல்வராணிக்குப் படிப்பிருக்கு."

அன்றிலிருந்து மகள் வகுப்பில். தகப்பன் கொட்டிலில், கன்னம் புடைக்கப் பலூன் ஊதியபடி. "மூண்டு... ரெண்டு... ஒண்டு..." என்று அவர் குரல் காற்றில் வரும். ரீச்சர் கரும்பலகையில் வெண்கட்டியை நிறுத்திக் காத்திருப்பார். "பூச்சியம்!" என்று செல்வராணி கத்திய பிறகே பாடம் தொடரும்.

அடுத்த வருடம் ரீச்சருக்கு இடமாற்றம். பஸ்ஸில் ஏறியவர் எண்ணவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். கொண்டக்டர் மணிக்கயிற்றைப் பிடித்தபடி நின்றார். கடைசியில் கந்தையா அண்ணைதான் "பத்து" என்று தொடங்கினார். பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். ஒன்று வந்தது. எல்லோரும் செல்வராணியைப் பார்த்தோம்.

அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.