இருதரப்பு குடவாசல் போன கதை

ஒரு தரப்பை மட்டும் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கத் தெரியாத மனிதன் உலகத்திலேயே ஒருவன்தான். அவன் நாங்கள் 'இருதரப்பு' என்று பட்டப்பெயர் வைத்தவன். தஞ்சாவூரில் பத்திரிகைத் துறை மேற்படிப்பில் என் அறைத் தோழன். "எந்தச் செய்தியானாலும் இரண்டு தரப்பையும் கேள்" என்று பேராசிரியர் முதல் வகுப்பில் சொன்னார். நாங்கள் எழுதிக்கொண்டோம். அவனை அது பேயாகப் பிடித்துக்கொண்டது.

விடுதிச் சாம்பாரில் உப்பு கூடிவிட்டால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து சமையல்காரரைத் தேடிப் போவான். என்னை நாய் கடித்தபோது ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, நாயை வளர்த்தவரின் விளக்கம் கேட்க ஓடினான். திரும்பி வந்து, "தூங்கிட்டிருந்த நாயோட வாலை மிதிச்சியாமேடா?" என்றான். ஊசி வலியோடு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

பட்டம் வாங்க ஒரு செய்தியாவது நாளிதழில் அச்சாகியிருக்க வேண்டும். எங்களுக்கெல்லாம் ஆகிவிட்டது. இவனுக்கு மட்டும் இரண்டாவது தரப்பைத் தேடியே கடைசி வாரம் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து குடவாசல் பக்கம் கூலித் தகராறு. அறுவடைக்குக் கூடுதல் நெல் கேட்டு ஆட்கள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கப் போவதாகப் பேச்சு. வேன் நிறையப் போலீஸ். தாசில்தார் கூப்பிட்டும் பேச ஒருவரும் போகவில்லை. முற்றிய சம்பா வயலில் சாய்ந்து கிடந்தது.

"அடிதடின்னா மொதப் பக்கம்டா" என்று அவனை இழுத்துக்கொண்டு போனேன்.

"கழக ஆட்சி வந்ததுலேர்ந்து அவங்களுக்குத் தெம்பு தம்பி. அவங்களே வந்து கேக்கட்டும்" என்றார் மிராசுதார்.

"அவரு கூப்பிடட்டும், வர்றோம்" என்றார் கூலியாட்களின் சங்கத் தலைவர்.

முதலில் போகிறவருக்கு மானம் போய்விடும். இருதரப்புக்கு அந்தக் கவலை ஏது? இவர் சொன்னதற்கு அவர் பதில் வேண்டும், அந்தப் பதிலுக்கு இவர் பதில் வேண்டும். வாடகைச் சைக்கிளில் வாய்க்கால் கரையோடு போனான், வந்தான், மறுபடி போனான். செயின் அறுந்த பிறகு ஓடினான். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே மூச்சு வாங்கியது.

"அறுக்குற ஒவ்வொரு கலம் நெல்லுக்கும் அரைப் படி கூடக் குடுத்தா என்ன சொல்றாங்க, கேட்டுட்டு வாங்க தம்பி" என்று மிராசுதார் இறங்கினார்.

"வெளியூர் ஆளு வராதுன்னு சொல்லட்டும், நாளைக்கே வயல்ல எறங்குறோம்" என்றார் தலைவர்.

பொழுது சாய்வதற்குள் மிராசுதார் அதையும் சொல்லிவிட்டார். மறுநாள் காலை அறுப்பு தொடங்கியது. போலீஸ் வேன் வெறுமனே திரும்பிப் போனது.

அவன் எழுதிக் கொடுத்ததைப் பேராசிரியர் புரட்டிப் பார்த்தார்.

"அறுப்பு நடக்குதுன்னு எந்தப் பேப்பர்லய்யா போடுவான்? தகராறு எங்க?"

"முடிஞ்சிடுச்சுங்க சார்."

"யாரு முடிச்சா?"

"இவன்தான் சார்" என்று நான் சொன்னேன், பாராட்டுவார் என்று நினைத்து.

"அப்ப நீ நிருபர் இல்லப்பா. மூணாவது தரப்பு. நீ எழுதினா செல்லாது."

பட்டம் போயிற்று. பெட்டியைக் கட்டிக்கொண்டே, "அவர் சொல்றதும் நியாயந்தான்டா" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருஷங்கள் எத்தனையோ ஓடிவிட்டன. அன்றைக்கு அவனுக்கு வராத கோபத்தை அவனுக்காக நான் இன்னும் பட்டுக்கொண்டிருக்கிறேன்.