மாமனார் காருக்கு நான் தேர்ந்தெடுத்த ஸ்பீக்கர்

முதுகலைப் பட்டம் பெற்றவனுக்குத் தெரியாத ஒரே விஷயம், தனக்குத் தெரியாத விஷயங்களும் உண்டு என்பதுதான். இருபத்தாறு வயதில் நான் இயற்பியல் விரிவுரையாளன். மணமாகி நான்கு மாதம். ஆகவே என் அறியாமை முழு வேகத்தில் இயங்கிக்கொண்டிருந்தது.

அறுபதுகளின் பிற்பகுதி அது. மேல்சித்தாமூரில் மல்லாட்டை (நிலக்கடலை) வியாபாரம் செய்துவந்த என் மாமனாரிடம் பழைய சீமைக் கார் ஒன்று இருந்தது. அதன் ரேடியோ ஸ்பீக்கரை எலி கடித்துவிட்டதால், செய்தி வாசிப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் சளி பிடித்தாற்போல் ஒலித்தது. புதிதாக இரண்டு ஸ்பீக்கர், எஞ்சின் இரைச்சலை மீறிக் கேட்க ஓர் ஆம்ப்ளிஃபயர் வாங்க வேண்டியிருந்தது. “மாப்ள படிச்சவரு, அவரே பாத்து எடுக்கட்டும்” என்றார்.

ஒரே ஒரு நிபந்தனை. அவர் சமண நெறி பிசகாதவர். சூரியன் மறைந்தபின் உண்ணமாட்டார், தம் வீடு தவிர வேறெங்கும் உண்ணமாட்டார். (நானும் சமணன்தான். ஆனால் சென்னை விடுதி என்னை இராச் சாப்பாட்டுக்குப் பழக்கிக் கெடுத்திருந்தது.) காலை ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுக் கிளம்பியவர், “அஞ்சு மணிக்கு ஊட்ல இருந்தா போதும் மாப்ள” என்றார். மூன்று மணிக்கே இருப்போம் என்று வாக்களித்தேன்.

செஞ்சி கடைவீதியில் கல்யாணங்களுக்கு மைக்செட் வாடகைக்கு விடும் ஏழுமலை, ஒரு ஜோடி ஸ்பீக்கரை எடுத்து வைத்தார். “இது போதும் சார். கண்ண மூடிக்குனு எடுங்க.”

கண்ணை மூடிக்கொண்டு எதையும் எடுப்பவனா நான்? (கதையின் இந்த இடத்தில் என் மனைவி, “என்ன மட்டும் அப்படித்தான் எடுத்தாரு” என்பாள். இனி அதையும் நானே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.)

ஏழு ஜோடிகளைச் சோதித்தேன். ஒவ்வொன்றையும் கதவருகில், காலடியில், பின்இருக்கைக்குப் பின்னால் என்று மூன்று இடங்களில் வைத்துக் கேட்டேன். முன்இருக்கையில் அமர்ந்திருந்த மாமனாருக்கு ஒரே நாதஸ்வர இசைத்தட்டு இருபத்தொரு முறை ஒலித்தது. “எல்லாம் ஒரே மாதிரிதான கேக்குது மாப்ள?” என்றார் பரிதாபமாக. பயிற்சியற்ற செவி என்று அவரை மன்னித்தேன். கடைசியில் நான் தேர்ந்தெடுத்தது ஏழுமலை முதலில் வைத்த ஜோடியை.

மணி நான்கு. ஆம்ப்ளிஃபயரை நானே இணைக்க முற்பட்டேன்.

“சார், இரு சார்! இது வெள்ளக்காரன் வண்டி. பாடில வர்றது பிளஸ்ஸு. நீ மைனஸ குடுக்கிற.”

“காரின் உடம்பு எப்போதும் மைனஸ்தான். இது அடிப்படை விஞ்ஞானம்” என்றேன்.

“விஞ்ஞானம் வேற சார், வண்டி வேற.”

சுவிட்சைப் போட்டேன். ஆம்ப்ளிஃபயரிலிருந்து முதலில் புகை வந்தது. பிறகு ஒயர்கள் வரிசையாக உருகி, சாவித் துவாரம்வரை கருகின. இனி வண்டி கிளம்பாது.

ஏழுமலை என்னைப் பார்க்கவில்லை. மாமனாரிடம், “நைனாரே, ஒரு வாழப்பழமாச்சும் சாப்டுங்க” என்றார்.

“வேணாம்பா. ஊட்டுக்குப் போயிடலாம். மாப்ள சொல்லியிருக்காரு.”

பஸ் ஐந்தேமுக்காலுக்குத்தான் வந்தது. அதற்குள் சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. “இது மறைவுதான் மாமா, அஸ்தமனமல்ல. மலை இல்லாவிட்டால் சூரியன் இன்னும் தெரியும்” என்று விளக்கினேன்.

“மலைய இன்னா செய்யச் சொல்றீங்க மாப்ள?”

மேல்சித்தாமூர்ப் பக்கம் மலை இல்லை. பஸ் விரைந்தால் வெளிச்சம் மிச்சமிருக்கும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். வழியில் கண்டக்டர் விசிலடித்து நிறுத்தி, பதினெட்டு மூட்டை மல்லாட்டையைக் கூரைமேல் ஏற்றினார். எல்லாம் மாமனார் வாங்கிப் போட்டிருந்த சரக்கு. “நம்ம மூட்டதான், ஏத்துங்க” என்றார் அவர், வெளியே மங்கும் வானத்தைப் பார்த்தபடி.

வீட்டை அடைந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் கால் கழுவினார்; பாயை விரித்தார். “பாட்டு நல்லா இருந்துது மாப்ள” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். ஏளனத்தின் நிழல்கூட அதில் இல்லை; அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் மாமியார் சட்டம் இயற்றினார்: “இனிமே மாப்ள வர்ற அன்னிக்கு நாலு மணிக்கே எல போட்ருவேன். அவர நம்பி நான் ஒல வைக்க மாட்டேன்.” மாமியாரும் மாமனாரும் போன பிறகும் அந்தச் சட்டத்தை யாரும் திருத்தவில்லை. நான் பேராசிரியரானபோதும், துறைத்தலைவரானபோதும் நாலு மணிக்கே இலை விழுந்தது. என் மனைவி எதிரே நின்று பரிமாறியபடி, வந்தவர்களுக்கெல்லாம் காரணத்தை விளக்குவாள்.

அவளுடைய காரியங்கள் முடிந்தபின், சென்ற மாதம் முதன்முறையாகத் தனியே அங்கே போனேன். மைத்துனன் கடிகாரத்தைப் பார்த்தான்.

“மாமா, நாலாவுது. எழுந்து வாங்க. வழில ஸ்பீக்கர் கீக்கர் ஏதும் எடுக்கலையே?”

இல்லை என்றேன். பசி இல்லை. உட்கார்ந்தேன்.