சுத்தம் செய்யப்பட்ட லேப்டாப்

எனக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் தெரியாது. பி.சி.ஏ. படித்தவள் இதை ஒத்துக்கொள்வது கஷ்டம்தான். மூன்று வருடமும் காலேஜ் லேபில் நான் செய்த ஒரே காரியம், பக்கத்து சீட் கவிதாவின் புரோகிராமைப் பார்த்து அப்படியே டைப் அடித்தது. (அதிலும் எங்காவது ஒரு கமா விட்டுப்போகும்.)

இந்த உண்மை தெரியாதவர் என் அப்பா. ஸ்கூல் வேன் டிரைவர். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், "கம்ப்யூட்டர் ரிப்பேரெல்லாம் எங்க சுதாவே பார்த்துடும்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். எங்கள் பிள்ளையார்பாளையம் வீட்டில் அன்றைக்குக் கம்ப்யூட்டரே கிடையாது. வந்தவர்கள் கேசரி சாப்பிட்டுவிட்டு, "கலந்து பேசிட்டு சொல்றோம்" என்று போய்விட்டார்கள். எனக்கு மாப்பிள்ளை கதிரைப் பிடித்திருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை கதிரின் அப்பா மட்டும் வந்தார், கையில் கட்டைப்பையோடு. தட்டு மாற்றத்தான் வந்திருக்கிறார் என்று அம்மா அவசரமாகப் புடவை மாற்றப் போனாள். (தட்டு மாற்ற யாராவது தனியாக வருவார்களா? அம்மாவுக்கு அதெல்லாம் தோன்றவில்லை.) பையிலிருந்து வெளியே வந்தது ஒரு லேப்டாப்.

அவர் வாலாஜாபாத்தில் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருந்தார். லேப்டாப்பில் வைரஸ். எதைத் திறந்தாலும் கூந்தல் தைலம் விற்கும் ஒரு பெண்மணி குறுக்கே வந்து நின்றாள்.

"சாயந்திரம் ஒரு காதுகுத்து பேனர் குடுக்கணும்மா. டிசைன் இதுக்குள்ளதான் இருக்குது. நீதான் ரிப்பேர் பார்ப்பன்னு அப்பா சொன்னாரே."

அப்பா என்னைப் பார்த்தார். முகத்தில் அவ்வளவு நம்பிக்கை. நான், "குடுங்க சார்" என்றேன். (மாமா என்பதா, சார் என்பதா என்று தெரியாத கட்டம்.)

செல்போன் இணையத்தில் இலவச ஆன்டிவைரஸ் ஒன்றை இறக்கி ஓடவிட்டேன். சிவப்பு எழுத்தில் வரிசையாகப் பெயர்கள் வந்தன. எது வைரஸ், எது கம்ப்யூட்டருக்கே வேண்டியது என்று பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் நீக்கச் சொல்லி அமுக்கினேன். அணைத்துப் போடச் சொன்னது, போட்டேன். திரை கறுப்பாக வந்தது. கறுப்பாகவே இருந்தது. இன்னும் மூன்று முறை அணைத்துப் போட்டும் அப்படியே.

"இன்னாம்மா ஆச்சு?"

"சுத்தம் ஆயிடுச்சு சார்."

"ஒண்ணுமே தெரியலியே."

"அதான் சார். அவ்ளோ சுத்தம்."

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். அப்பா சுவரிலிருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்கு ரிப்பேர் தெரியாது சார். தெரியாதுன்னு அப்பாகிட்ட இதுவரைக்கும் சொன்னதில்ல. உங்க பேனரும் போச்சு" என்றேன் ஒரே மூச்சில்.

அவர் மகனுக்கு போன் போட்டார். ஸ்ரீபெரும்புதூரில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்த கதிர், தலைமுடி ஒரு பக்கம் மட்டும் படிந்திருக்க, மதியத்துக்குள் வந்து சேர்ந்தார். கையில் நண்பரிடம் வாங்கிய பென்டிரைவ். கிளம்பாத கம்ப்யூட்டரை அதை வைத்துக் கிளப்பலாமாம்.

"உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"தெரியாதுங்க. பஸ்ல வீடியோ பார்த்துக்கினே வந்தேன்."

தரையில் உட்கார்ந்தோம். அவர் வீடியோவை நிறுத்தி நிறுத்திச் சொல்ல, நான் அமுக்கினேன். முதல் தடவை வரவில்லை. இரண்டாம் தடவை, நான் கைவைப்பதற்கு முன்பு எப்படி இருந்ததோ அந்த நிலைக்கே அதைத் திருப்பினோம். திரை வெளுத்தது. தைலக்காரியும் திரும்பி வந்தாள். இந்த முறை ஒவ்வொரு பெயராகத் தேடிப் பார்த்து, வேண்டாததை மட்டும் எடுத்தோம். மதியச் சாப்பாடு ஆறிப்போனதை இருவரும் கவனிக்கவில்லை.

நாலு மணிக்கு, பேனர் டிசைன் அப்படியே இருப்பதைப் பார்த்துவிட்டு, கதிரின் அப்பா லேப்டாப்பைப் பையில் போட்டார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அப்பாவிடம், "வெள்ளிக்கிழமை தட்டு மாத்திக்கலாம்பா" என்றார்.

ஒன்பது வருடமாகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் என் மாமனார் இந்தக் கதையைச் சொல்லாமல் அனுப்புவதில்லை. போன மாதம் வந்த ஓர் உறவினர், "அவ்ளோ பெரிய ரிப்பேரா?" என்று என்னைக் கேட்டார். மூன்று மணி நேரம் போராடினோம் என்று நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"ரிப்பேர் ஒரு மணி நேரத்துலயே முடிஞ்சிபோச்சுப்பா" என்றார் மாமனார். "அதுக்கப்புறமும் ரெண்டு பேரும் அத்த நோண்டிக்கினே இருந்தாங்க. நான்தான் சொல்லாம உக்காந்துக்கினு இருந்தேன்."