இரண்டு துப்பாக்கிகளுக்கு நடுவே வெர்லின்

ஒப்பிடுவோர் என்றொரு இனம் உண்டு. வாங்குவோர் வேறு, இவர்கள் வேறு. வாங்குகிறவர் கடைக்கு வருவார், பார்ப்பார், காசைக் கொடுப்பார், போவார். இவர்கள் போக மாட்டார்கள்.

டென்னசியில் ஓடெலின் துப்பாக்கிக் கடையில் சனிக்கிழமைதோறும் கவுண்டரை ஒட்டிய உயரமான ஸ்டூலில், ஓடெலின் காப்பியை ஓடெலின் கோப்பையிலேயே குடித்தபடி உட்கார்ந்திருக்கும் வெர்லின் ஹாஸ்கியூவை இந்த இனத்தின் தலைவர் என்று தயங்காமல் சொல்லலாம். மின்கம்பம் ஏறும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அமெரிக்கச் சிப்பாய் ஒரு காலத்தில் சுமந்த துப்பாக்கியின், பொதுமக்களுக்குக் கடையில் விற்கும் வடிவமான, வால்நட் மரக்கட்டை போட்ட எம்-ஒன்-ஏ மேலா, பெல்ஜியத்தில் பிறந்து பாதி உலகத்தின் படைகளோடு பாலைவனமும் காடும் பார்த்துவிட்டு வந்த எஃப்-ஏ-எல் மேலா என்ற ஒரே வழக்கை அவர் பல வருடங்களாக விசாரித்துவந்தார். இரண்டும் ஒரே குண்டைத்தான் சுடும். இரண்டுமே விசையை ஒருமுறை இழுத்தால் ஒருமுறைதான் வெடிக்கும். அதனால் என்ன? தீர்ப்பு சொல்லிவிட்டால் நீதிபதிக்கு என்ன வேலை?

அந்த வழியாக வந்த ஒரு பள்ளி ஆசிரியர் கேட்டார்: "சார், இதுல எதை எடுக்கலாம்?"

"எதுக்கு வேணும்?"

"சும்மா, ஞாயித்துக்கிழமை மைதானத்துல சுடறதுக்கு."

"சும்மான்னா எப்படி தம்பி? உக்காந்து சுடுவீங்களா, படுத்தா? குறி பாக்க எம்-ஒன்-ஏதான் சுகம். ஆனா சுத்தம் பண்ண எஃப்-ஏ-எல்தான் லேசு. கழுத்து கொஞ்சம் நீளமா இருக்கே உங்களுக்கு. அப்ப யோசிக்கணும்."

ஆசிரியர் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். யோசித்தார். கடைசியில் ஒரு தொப்பி வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

ஓடெல் பொறுமைசாலி. ஆனால் தொப்பி விற்று எத்தனை நாள் கடை நடத்துவது? ஒரு சனிக்கிழமை, கைமாறி வந்த அந்த இரண்டு ரகத்தையும் கவுண்டரில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினார்.

"வெர்லின், இதுல ஒண்ணை எடுத்துக்கிட்டுப் போ. இல்லேன்னா வர வாரத்துலேருந்து நீ வீட்டுலயே காப்பி குடி."

"விளையாடாத ஓடெல். அவசரப்பட்டு எடுக்கற விஷயமா இது?"

"உன் தலைமுடி கறுப்பா இருந்தப்பவே நீ இதைத்தான் சொன்னே."

பக்கத்து ஸ்டூலில் இருந்த எமெட், ஓய்வுபெற்ற தபால்காரர், சிரிப்பைக் காப்பிக்குள் மறைத்தார். வெர்லின் ஒன்றைத் தூக்கினார், வைத்தார், மற்றதைத் தூக்கினார், பெருமூச்சு விட்டார், ஸ்டூலை ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்தார். பிறகு, கண்ணை மூடிக்கொண்டு மருந்து குடிப்பவர்போல, மரக்கட்டை போட்டதை எடுத்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி லுரீன் அதைப் பார்த்துவிட்டு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"காய்ச்சல் எதுவும் இல்லையே?"

"ஓடெல் மிரட்டிட்டான்."

"அப்படித்தான் பண்ணணும். அந்தக் காலத்துல நடன விருந்துல நீ என்னை ஆடக் கூப்பிட்டப்ப ஏன் உடனே சரின்னு சொன்னேன்னு நினைக்கற? ரெண்டாவது பாட்டு ஆரம்பிச்சிருந்தா நீ என் தங்கச்சியைப் பாத்திருப்பே."

வெர்லின் மறுநாளே மைதானத்துக்குப் போனார். துப்பாக்கி தோளில் பாந்தமாக உட்கார்ந்தது. உதையும் அளவோடுதான். குண்டுகள் குறி அட்டையின் நடுவில் ஒன்றையொன்று தேடிப்போய் விழுந்தன. எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? அதுதான் சிக்கல். 'நன்றாக இருக்கிறது' என்பதற்குமேல் அதைப்பற்றிச் சொல்ல அவரிடம் எதுவும் இல்லை.

நிஜமான அடி அடுத்த சனிக்கிழமை விழுந்தது. விவசாயி ஒருவர் வந்து அதே கேள்வியைக் கேட்டார். வெர்லின் தொண்டையைச் செருமினார்.

"நீ சும்மா இரு வெர்லின்," என்றார் எமெட். "நீ எம்-ஒன்-ஏ கட்சி. உன் வாயிலேருந்து நியாயம் எப்படி வரும்?"

"நான் ரெண்டையும் பத்தித்தான்யா சொல்லப்போறேன்."

"சொந்தத் துப்பாக்கியைக் குறைசொல்ற ஆளை நான் பாத்ததில்ல," என்றார் விவசாயி. சொல்லிவிட்டு எமெட் பக்கம் திரும்பிக்கொண்டார். அணில் வேட்டைத் துப்பாக்கியைத் தவிர எதையும் வைத்திராத எமெட், காலை ஆட்டியபடி, வெர்லினின் வாக்கியங்களையே ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். கழுத்து உட்பட.

பதவி போன மந்திரியைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அன்று அந்தக் கடையில் ஒருவர் அப்படி உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரம் முழுக்க வெர்லின் சரியாகச் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை துப்பாக்கியைத் துடைத்து, உறையில் போட்டு, எமெட் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"எமெட், ஒருதரம் தோள்ல வெச்சுப் பாரு. உன் கழுத்துக்குன்னே செஞ்சமாதிரி இருக்கும்."

எமெட் வைத்துப் பார்த்தார். அதன் பிறகு கீழே வைக்க அவருக்கு மனம் வரவில்லை. விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்த வெர்லின், அது நட்புக்காக என்றார். ஓடெல் கடையில் வைத்தே முறைப்படி கைமாற்றினார்கள். ஓடெல் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். மிரட்டல் பலிக்கவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. வெர்லினுக்காகக் கோப்பையைக் கழுவி வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை ஒரு செவிலிப்பெண் வந்து எது மேல் என்று கேட்டாள். எமெட் வாயைத் திறந்தார்.

"அவரை விடும்மா," என்றார் வெர்லின் கனிவாக. "அவர் ஒரு கட்சி. நீ இப்படி வா."

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. இதைப் படித்து முடித்ததும் 'பாவம் மனுஷன்' என்று தோன்றியதா, அல்லது 'ஏன், மூன்றாவதாக வேறொன்றையும் பார்த்திருக்கலாமே' என்று தோன்றியதா? இரண்டாவது என்றால் தயவுசெய்து கடைப்பக்கம் போகாதீர்கள். அங்கே ஸ்டூல் எதுவும் காலியாக இல்லை.