மஞ்சள் நீர் குடித்த ரேடியோ

புதிதாக எது வாங்கினாலும் அதன்மேல் மஞ்சள் நீர் தெளிக்காவிட்டால் எனக்குக் கை நமநமக்கும். தையல் மிஷின், சைக்கிள், ஆட்டுக்கல் எல்லாம் அதற்குத் தப்பிப் பிழைத்தன. பிழைக்காதது ஒன்றே ஒன்று. அது என்னுடையதும் அல்ல.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அடுத்த வீடு ரெஜினா அக்கா. தீபாவளிக்கு என் முறுக்குத் தட்டு வேலி தாண்டிப் போகும் (பல்லை உடைக்கும் முறுக்கு, அக்கா பாராட்டித்தான் தின்பார்). கிறிஸ்துமஸுக்கு அதே தட்டில் கேக் வரும். லண்டனில் படித்துக்கொண்டிருந்த அவர் மகன், கிறிஸ்துமஸ் அன்று பாடகர் குழுவோடு ரேடியோவில் பாடப்போவதாகத் தெரிவித்திருந்தான். கப்பலேறிய மகனின் குரலை அதன்பின் கேட்டிராத அக்கா, கணவரை நச்சரித்து ஒரு ரேடியோவே வாங்க வைத்தார்.

கிறிஸ்துமஸ் அன்று மாலை அக்கா மாதா கோயிலில் ஜெபத்துக்குக் கிளம்பும்போது, "சரசு, ரேடியோவைப் போட்டு வச்சிருக்கேன், சூடாகட்டும். வந்து பாட்டுக் கேக்கலாம். பிள்ளைங்க யாரும் கிட்டப் போகாம பாத்துக்கம்மா" என்றார்.

பிள்ளைகள் யாரும் போகவில்லை. நான்தான் போனேன்.

ஏழு கடல் தாண்டி ஒரு குரல் வரப்போகிறது. பெட்டியோ ஒரு பொட்டுகூட இல்லாமல் மூளியாக நிற்கிறது! எனக்குப் பொறுக்கவில்லை. சந்தனம், குங்குமம் வைத்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மாவிலையைச் செம்பில் முக்கி முன்னால் தெளித்தேன். பின்பக்கம் ஓட்டைகள் தெரிந்தன. உள்ளே இருப்பவற்றுக்கும் புண்ணியம் கிடைக்கட்டும் என்று தாராளமாகவே தெளித்தேன்.

சூடேறியிருந்த கண்ணாடிக் குழாய்கள் 'டப், டப்' என்று வெடித்தன.

அக்கம்பக்கமெல்லாம் புதுத்துணி உடுத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது, பெட்டி பொட்டும் சந்தனமுமாக ஊமையாக இருந்தது.

"என்னடி செஞ்சே?"

"நல்லது நடக்கட்டும்னு மஞ்சத் தண்ணி தெளிச்சேன்க்கா..."

அக்கா திட்டவில்லை. பெட்டியில் காதை வைத்து, பாட்டு நேரம் முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். ரேடியோவைப் பிறகு சரிசெய்துவிட்டார்கள். அந்தப் பாட்டை எங்கே போய்ச் சரிசெய்வது?

இன்றும் எங்கள் வீட்டுக்குப் புதிதாக ஏதாவது வந்தால், பிள்ளைகள் முதலில் செம்பை ஒளித்து வைக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லிக் கொடுத்ததே ரெஜினா அக்காதான். இருந்தவரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் என்னைப் போலவே மாவிலை ஆட்டி நடித்துக் காட்டுவார். வீடே உருண்டு சிரிக்கும். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு, "நல்லாத்தான் பாடியிருப்பான்லா" என்பார்.

அதற்கும் எல்லோரும் சிரிப்பார்கள். நான் கேக் வெட்டுகிற சாக்கில் அடுக்களைக்குள் போய்விடுவேன்.