நாலு சக்கரமும் இழுக்கணுங்க சார்

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு மனிதரைப் பார்த்ததும் வணக்கம் சொல்லாமல், அவருடைய காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும் ஒரே ஆள் எங்கள் வேகன்காரர்தான். கலெக்டர் காரே வந்தாலும் அவர் முதலில் படுப்பார், அப்புறம்தான் கலெக்டர். தோளில் இருக்கும் துண்டை உதறித் தரையில் விரிப்பார், மல்லாந்து படுத்துக் காலால் உந்தி உள்ளே போவார். இரண்டு நிமிடத்துக்கு வெறும் செருப்பு மட்டும் வெளியே தெரியும். பிறகு எழுந்து முதுகைத் தட்டிவிட்டு, "வாங்க, வூட்ல எல்லாம் சௌக்கியங்களா?" என்பார்.

அவருக்கு ஒரு பெயர் இருக்கத்தான் வேண்டும். ஆதார் அட்டையில் இருக்கலாம். பென்னாகரம் பக்கம் மல்பெரித் தோட்டம் வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறவர். கூடு நிறைந்ததும் தர்மபுரி அங்காடிக்குக் கொண்டுவருவார். மற்றவர்கள் டெம்போவில் கொண்டுவருவார்கள். இவர் மட்டும் பின்பக்கம் நீண்டு, கூரை கடைசிவரை தட்டையாகப் போகிற வெள்ளை வேகன் காரில் மூட்டைகளை அடுக்கிக்கொண்டு வருவார். நான்கு சக்கரத்துக்கும் இழுவை உண்டு. அதைத் தயாரித்த கம்பெனியே அதை விட்டுவிட்டது. இவர் விடவில்லை.

நான் யார் என்று கேட்பீர்கள். பெரிய பள்ளி ஒன்றில் பிசிக்ஸ் வாத்தியார். பென்னாகரம் ரோட்டில் கோவிந்தராஜின் டயர் கடை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கார்ப் பைத்தியங்கள் நாலைந்து பேர் அங்கே பழைய டயர்கள் மேல் உட்கார்ந்து பேசுவோம். வேகன்காரர் வருகிறவரை அந்தச் சபைக்கு நான்தான் தலைவர். டார்க் என்றால் என்ன, டிஃபரன்ஷியல் என்றால் என்ன என்று நான் விளக்கினால் மருந்துக்கடை பாஸ்கர் வாயைப் பிளந்துகொண்டு கேட்பான். கோவிந்தராஜ் எனக்கு மட்டும் புது டயரை உருட்டிப் போட்டு, "உக்காருங்க சார்" என்பார்.

ஒரு ஞாயிறு அந்த வேகன் பஞ்சருக்கு வந்தது. அன்றோடு போச்சு என் தலைமை. அடுத்த வாரம் போனால் புது டயரில் அவர் உட்கார்ந்திருக்கிறார். நான் மொட்டை டயரில்.

அந்தக் கம்பெனியைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் பேப்பர் படிக்கிறவன்கூட மடித்து வைத்துவிடுவான். "மொதல்ல வேகன் உட்டான் பாருங்க, அதான் வண்டி. மனுசன் குந்த எடம், மூட்டை வெக்க எடம், நாலு சக்கரத்துக்கும் இழுவை. அதோட கம்முனு இருந்திருக்கணும். அப்பறம் என்னா பண்ணான்? வாலை வெட்டுனான். மூக்கத் தூக்குனான். ஏணி வெச்சு ஏர்ற மாதிரி உசரம் பண்ணான். பாத்தா பயில்வான், சேத்துல உட்டா பச்சப்புள்ள!"

"நம்ம ரோட்டுக்கு உயரம் வேணுங்க. அது அறிவியல்" என்பேன் நான்.

"உசரம் எதுக்குங்க சார்? ஒட்டகத்துக்கு உசரம் இருக்குது, மூட்டைய எறக்கி ஏத்த மூணு பேரு வேணும். நாலு சக்கரமும் இழுக்கணுங்க சார், அதான் கணக்கு" என்பார். சபை சிரிக்கும். நான் பத்து நிமிடம் ஈர்ப்பு மையம் பற்றி விளக்குவேன். பாஸ்கர் கொட்டாவி விடுவான்.

கம்பெனி புது மாடல் விடும்போதெல்லாம் வேகன்காரர் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு சேலம் ஷோரூமுக்குப் போய்விடுவார். ஒருமுறை வேடிக்கை பார்க்க நானும் கூடப் போனேன். பளபளவென்று மொசைக் தரை. மனிதர் துண்டை விரித்தார், படுத்தார், உள்ளே போனார். விற்பனைப் பிரிவில் இருந்த பெண் பதறிப்போய், யாருக்கோ மயக்கம் என்று தண்ணீர் கொண்டுவந்துவிட்டாள்.

வெளியே வந்தவர் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டுக் கேட்டார். "ஏம்மா, இதுல பின்சக்கரம் இழுக்கலியே?"

"சார், ஆல் வீல் டிரைவ் டாப் வேரியண்ட்ல மட்டும்தான் வரும்."

"அப்ப கீழ் வேரியண்ட் வாங்கறவன் ஊர்ல மழை பேயாதா? மழை என்னா வேரியண்ட் பாத்தா பேயுது?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். மேனேஜர் சிரித்தார். போகும்போது ஆளுக்கொரு சாவிக்கொத்து பரிசு. எனக்குக் கொடுத்ததில் வளையம் உடைந்திருந்தது. அந்த ஷோரூமில் ஈர்ப்பு மையம் பற்றி நானும் ஒரு கேள்வி கேட்டேன். ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

சரி, வேகனைச் சவ வண்டி என்று நினைத்து யாராவது அவமானப்படுத்த மாட்டார்களா என்று நான் ரகசியமாக ஆசைப்பட்டதுண்டு. அதுவும் நடந்தது. நல்லம்பள்ளி பக்கம் ஒரு சாவு வீட்டார், ஆஸ்பத்திரியின் சவ வண்டிக்காகத் தெருவில் காத்திருந்தவர்கள், வெள்ளையாக நீளமாக இவர் வண்டி வருவதைப் பார்த்ததும் நிறுத்திச் சண்டை பிடித்திருக்கிறார்கள். "எவ்ளோ நேரமா காத்துனு இருக்கறது?" என்று. வேறு யாராக இருந்தாலும் கோபப்பட்டிருப்பார்கள். இவர் இறங்கி, "பெரியவரு எவ்ளோ உசரங்க?" என்று கேட்டாராம்! பின்சீட்டை மடக்கிக் காட்டி, ஆறடி ஆள் தாராளமாகப் படுக்கலாம் என்று விளக்கிக்கொண்டிருக்கும்போதே நிஜ வண்டி வந்துவிட்டது. அப்போதும் இவர் கிளம்பவில்லை. மாலைகளையும் வெளியூர்ப் பெண்டுகளையும் ஏற்றிக்கொண்டு சுடுகாட்டு முனைவரை போய் இறக்கிவிட்டு, காரியத்துக்கும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

"அந்த வூட்ல நம்ம வண்டிக்கு நல்ல பேருங்க" என்றார் எங்களிடம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரோடு இருக்கிற சொந்தக்காரன் ஒருவன்கூட என் வண்டியை இதுவரை பாராட்டியதில்லை.

வீட்டிலும் நிம்மதி இல்லை. என் மாமியார் வீட்டிலிருந்து மரபீரோ ஒன்றைக் கொண்டுவர வேண்டியிருந்தது. அப்போதைய என் வண்டிக்குள் அதன் கதவுகூட நுழையவில்லை. வேகன்காரர் காதுக்கு யார் கொண்டுபோனார்களோ, மனிதர் வந்து பீரோவைப் படுக்கப் போட்டு, மேலே நாலு தேங்காய்க் குலையும் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். என் மனைவி அவருக்கு வடை சுட்டாள். எனக்கு வடை சுட்டு எத்தனையோ காலம் ஆகிறது. அவர் போனதும் கேட்டாளே ஒரு கேள்வி. "இத்தனை புக் படிக்கறீங்க, இந்த மாதிரி ஒரு வண்டி உங்க கண்ணுல படலியா?"

இந்தப் பொறாமையில்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். இதுவரை எழுத்தில் ஒப்புக்கொண்டதில்லை, இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அதே கம்பெனியின் புது உயர வண்டியை நான் பதிவு செய்தபோது, ஆல் வீல் டிரைவ் உள்ள டாப் வேரியண்ட் என்று சபையில் மார்தட்டிவிட்டேன். வீட்டில் மந்திரிசபை அதை நிராகரித்துவிட்டது. வந்தது முன்சக்கரம் மட்டும் இழுக்கும் கீழ் வேரியண்ட். எந்த முகத்தோடு டயர் கடைக்குப் போவேன்? சேலத்தில் ஒரு உதிரிபாகக் கடையில் வெள்ளி நிறத்தில், ஆல் வீல் டிரைவைக் குறிக்கும் 'ஏ டபிள்யூ டி' என்ற எழுத்துகளை வாங்கி, வண்டியின் பின்பக்கம் நானே ஒட்டினேன். டி கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

அந்த ஞாயிறு சபை முழுக்க வண்டியைச் சுற்றி நின்றது. வேகன்காரர் துண்டை விரித்தார். அடியில் போனவர் வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டார். எழுந்தார், முதுகைத் தட்டினார், பின்பக்க எழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நல்ல வண்டிங்க சார். நல்லா வெச்சுக்கங்க" என்றார். அவ்வளவுதான்.

மனிதருக்கு உள்ளே இருட்டில் ஒன்றும் தெரியவில்லை, போதாததற்குப் பொறாமையில் பேச்சும் வரவில்லை என்று முடிவு செய்தேன். அன்று ராஜநடை போட்டு வீட்டுக்குப் போனேன். கோவிந்தராஜ் மறுபடியும் எனக்குப் புது டயரை உருட்டிப் போட ஆரம்பித்தார்.

போன வருடம் பாஸ்கரின் அக்கா குழந்தைக்குக் காதுகுத்து வந்தது. பென்னாகரம் தாண்டி மலையை ஒட்டிய ஒரு சிற்றூரில் அவர்கள் குலதெய்வக் கோயில். தாய்மாமன் பாஸ்கர் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். முந்தைய நாள் மழை. கோயிலுக்குக் கடைசி ஏற்றம் செம்மண் பாதை. எந்த வண்டியில் போவது என்று சபையில் பேச்சு வந்தது. வேகன்காரர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"பாஸ்கர் என் வண்டியில வரட்டும். ஆல் வீல் டிரைவ் எதுக்கு இருக்குது?"

பாஸ்கர் கோவிந்தராஜைப் பார்த்தான். கோவிந்தராஜ் வேகன்காரரைப் பார்த்தார். மூன்று பேரும் ஏன் அப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. செம்மண்ணை ஒரே மிதியில் ஏறிவிடலாம் என்று என் பிசிக்ஸ் எனக்குத் தைரியம் சொன்னது.

காலையில் கிளம்பினோம். என் வண்டியில் பாஸ்கரும் அவன் மனைவியும். சீர்த்தட்டுகளும் கோவிந்தராஜும் வேகனில். சீர் என் வண்டியில் வராததே எனக்கு வயிற்றெரிச்சல். அதைவிட எரிச்சல், அந்த வேகன் என் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. நான் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக. வழிவிட்டு ஒதுங்கினால் அதுவும் ஒதுங்கி நிற்கிறது. "நான் எங்கே மாட்டுவேன்னு பார்க்கத்தான் வர்றாரு, பாரு" என்று பாஸ்கரிடம் சொன்னேன். அவன் ஜன்னல் வழியாகக் கேழ்வரகுக் கொல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செம்மண் ஏற்றம் வந்தது. மிதித்தேன். பாதி தூரம் சிங்கம் போல் ஏறியது. அப்புறம் முன்சக்கரம் இரண்டும் உர்ரென்று சுற்றிச் சேற்றை வாரி இறைக்க, வண்டி பக்கவாட்டில் வழுக்கி வரப்போரம் போய் நின்றது. பின்சக்கரம் இரண்டும் கோயில் வாசல் கல் யானை போல அசையாமல் நின்றன. பின்னால் இருந்து பார்க்கிறவர்களுக்கு எது இழுக்கிறது, எது சும்மா இருக்கிறது என்று பட்டவர்த்தனமாகத் தெரிந்திருக்கும்.

பாஸ்கரின் போன் அலறியது. அவன் அக்கா. "டேய், எங்கடா இருக்கற? பத்தர் ஊசியோட குந்தினு இருக்கறாரு. கொழந்த மொட்டத் தலையோட கத்துது. நேரம் போச்சுன்னா மாமன் இல்லாமலே குத்திருவாங்கடா!" எனக்கு அந்தச் சேற்றிலேயே புதைந்துவிடலாம் போல இருந்தது. அவனுடைய ஒரே அக்கா, அவளுடைய முதல் குழந்தை. என் வறட்டுப் பெருமையால் மாமன் மடி இல்லாமல் போகப்போகிறது.

கோயில் பக்கமிருந்து ஏழெட்டுப் பேர் இறங்கி வந்து சூழ்ந்துகொண்டார்கள். வேகன்காரர் இறங்கினார். பட்டுவேட்டி. துண்டுகூட விரிக்காமல் சேற்றில் அப்படியே படுத்து என் வண்டிக்கு அடியில் போனார். முடிந்தது கதை என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

எழுந்தவர் கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார். "வண்டி மேல ஒரு குத்தமும் இல்லிங்க. நாலு சக்கரமும் ஜோராத்தான் இழுக்குது. டயர்தான் பிடிக்கல. யோவ் கோவிந்தராஜ், சாருக்கு என்னா டயரு போட்டு உட்ட நீ?"

வருடக்கணக்காக டயர் விற்கிற மனுஷன், தன் டயரை யாராவது குறை சொன்னால் சட்டையைப் பிடிக்கிறவர், கோவிந்தராஜ் தலையைச் சொறிந்தார். "தப்புதாங்க. மாத்திக் குடுத்துர்றன்" என்றார்.

பிறகு வேகன்காரர் தன் வண்டியில் ஏறி, கொல்லையோரமாக என்னைச் சுற்றிக்கொண்டு, அந்த வழுக்கலில் முன்னே ஏறினார். ஏறும்போது வண்டியோடு பேசுவார், அதுவும் கன்னடத்தில். "ஹத்தம்மா, ஹத்து" என்று, ஏறம்மா ஏறு என்று, பெற்ற மகளைக் கொஞ்சுவது போல. அது ஏறியது. அந்த அவமானத்திலும் எனக்கு வந்த பொறாமை இருக்கிறதே, சொல்லி மாளாது. கயிறு கட்டி என்னை இழுத்துக்கொண்டுபோய்க் கோயில் வாசலில் விட்டார். பாஸ்கர் குதித்து ஓடினான். கூட்டத்துக்கு நடுவே குழந்தை அலறுகிற சத்தம் கேட்டது. மாமன் மடியில்தான்.

மறு வாரம் தனியாக டயர் கடைக்குப் போனேன். "ஏன் கோவிந்தராஜ், நல்ல டயரைக் குறை சொல்றாரு, நீங்க பேசாம இருந்தீங்க?"

அவர் ஸ்பானரைத் துடைத்துக் கீழே வைத்தார். "சார், கோச்சுக்காதீங்க. டயரு மாத்த உங்க வண்டிய ஜாக்குல ஏத்துன அன்னிக்கே நான் பாத்துட்டன், பின்சக்கரத்துக்கு இழுவை ஒண்ணும் போவலன்னு. பாஸ்கருக்கும் தெரியும். நாங்க கிண்டல் பண்ணலாம்னுதான் இருந்தோம். வேகன்காரருதான், 'சார் ஆசைப்பட்டு ஒட்டியிருக்கறாரு, எவனாச்சும் கேட்டீங்கன்னா அப்பறம் நான் இந்தக் கடைக்கே வர மாட்டன்'ன்னாரு. காதுகுத்துக்கு பாஸ்கரு வேகன்லயேதான் வரன்னான். அவரு உடல. 'சார் வாயத் தொறந்து கூப்ட்டுட்டாரு, நீ அவரு வண்டில ஏறு'ன்னாரு அவன்கிட்ட. 'நான் கயித்த எடுத்துனு பின்னாலயே வரன். மாட்டுச்சுன்னா பழிய டயரு மேல போட்டுர்றன், நீ கம்முனு இரு'ன்னு முந்தின நாளே என்கிட்ட சொல்லி வெச்சிட்டாரு சார்."

நேராக வேகன்காரர் தோட்டத்துக்கு வண்டியை விட்டேன். கூடு எடுக்கிற நாள். புழுக்கள் கூடு கட்டிய மூங்கில் தட்டுகளை வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கூடு பறித்தேன். மதியம் வரை பறித்தேன். கடைசியில் சொல்லிவிட்டேன்.

"என் வண்டிக்கு முன்சக்கரம் ரெண்டுதாங்க இழுக்கும். பின்னாடி இருக்கற எழுத்து நானா ஒட்டுனது."

"அப்படிங்களா சார்!" என்று கண்ணை அகல விரித்து ஆச்சரியப்பட்டார். அவ்வளவு மோசமான நடிப்பை நான் பள்ளி ஆண்டுவிழாவில்கூடப் பார்த்ததில்லை.

கிளம்பும்போது மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. வானத்தைப் பார்த்தார். "பாத்துப் போங்க சார். மழை வர்றாப்பல இருக்குது."

வந்தால் வரட்டும், இந்த மனுஷன் இருக்கிறாரே என்று வண்டியை எடுத்தேன்.